காண்க

இரண்டு தொகுதி. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம்.
உலகத்துச் சதிக் கதைகள் அத்தனையும் அதில் என்று
அட்டையிலேயே போட்டிருக்கும்.
எழுதியவர்கள் அறுபது பேராசிரியர்கள்.
கடைசி எழுபத்தாறு பக்கம் மட்டும் என்னுடையது:
சொல்லடைவு.
அதற்குப் பெயர் போடமாட்டார்கள்.

பிப்ரவரி, டுலூத்.
ஏரி உறைந்து கிடந்தது.
சமையலறை மேசையில் அட்டைகளை அடுக்கினேன்.
சந்திரனில் யாரும் இறங்கவில்லை என்பவர்கள்,
குழாய்த் தண்ணீரில் மருந்து கலப்பதாகச் சொல்பவர்கள்,
பூமிக்குள் இன்னொரு பூமி பார்த்துவிட்டு வந்தவர்கள்
எல்லாரும் அகரவரிசையில் நின்றார்கள்,
ஒருவரை ஒருவர் தள்ளாமல்.

நிழல் அரசைத் தேடினால், காண்க: வங்கிகள்.
வங்கிகளுக்குப் போனால், காண்க: இரகசியச் சங்கங்கள்.
அங்கே போனால், காண்க: நிழல் அரசு.
அந்த வட்டத்தை நான்தான் கண்டுபிடித்து அறுத்தேன்.
நன்றி என்று ஒரு வரி வந்தது.

புத்தகம் வெளியாகி எட்டு மாதம் கழித்து
ஓரின் ட்வைட்டின் கடிதம்.
மஞ்சள் தாள், பென்சில், அழுத்தி எழுதிய எழுத்து.
நூலகத்தில் இதை வீட்டுக்குத் தரமாட்டார்களாம்,
நான்கு செவ்வாய்க்கிழமை அங்கேயே உட்கார்ந்து தேடினாராம்.
டுலூத் இல்லை.
ஹால்வர்சன் தானியக் கிடங்கு இல்லை.
வெடிப்பு இருக்கிறது, அது வேறு ஊர்.

"1971 அக்டோபர். என் தம்பி லைல்.
கம்பெனி சொன்னது தூசி. கோதுமைத் தூசி!
ரொட்டி சுடுகிற மாவு ஆளைக் கொல்லுமா?
இதை விட்டது யார்?
விட்டவருக்கும் பங்கு உண்டு."

பதிப்பாசிரியரைக் கேட்டேன்.
பொறுமையாகத்தான் சொன்னார்:
ஒரு கூட்டமாவது நம்ப வேண்டும்,
ஒரு துண்டறிக்கையாவது இருக்க வேண்டும்.
ஒற்றை ஆள் நம்புவதற்கு
நம்மிடம் தலைப்பு இல்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பது
மாவு தெரியாதவர்கள் சொன்னது.
தானியக் கிடங்கில் புகை முன்னால் வராது.
மிதக்கிற தூசி, பெல்ட் உரசி ஒரு பொறி,
நூறடிக் கான்கிரீட்
தொப்பியைப் போல் கழன்று பறக்கும்.
இதெல்லாம் நான் பிறகு படித்தது,
யாரும் கேட்காமல், சம்பளமில்லாமல்.

நீதிமன்றப் பழைய கோப்பில் விசாரணைக் குறிப்பு
இரண்டே பக்கம்.
முதல் பக்கம்: தூசி இழுக்கும் விசிறி
பதினொரு நாளாக ஓடவில்லை.
மில்வாக்கியிலிருந்து ஒரு ரப்பர் வளையம்
வரவேண்டியிருந்தது.
இறந்தவர் பெயர் 'லயல்' என்று தப்பாக அடித்திருந்தது.

இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி:
அன்றிரவு முறை ஓ. ட்வைட்டினுடையது.
மீன்பிடிக்கப் போக வேண்டி
தம்பியிடம் மாற்றிக்கொண்டார்.

காரில் வந்து உட்கார்ந்தேன்.
ஹீட்டர் போடத் தோன்றவில்லை.
கம்பெனியோ, அரசாங்கமோ, இன்ஷூரன்ஸ்காரனோ,
யாரோ ஓர் ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு.
ஐம்பது வருஷமாகத் தேடுகிறார்,
கண்ணாடி இல்லாத பக்கமெல்லாம்.

முதல் பக்கத்தை நகலெடுத்தேன்.
பெயரைச் சிவப்பு மையில் திருத்தினேன்: லைல்.
கிடைத்தது இவ்வளவுதான் என்று எழுதி
உறையை ஒட்டினேன். பசை நாக்கில் கசந்தது.

அவர் கடிதத்தில் இருந்ததில் ஒன்று
அந்த நிமிஷம் மெய்யானது.
விட்டவருக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் பக்கம் என் இழுப்பறையில்,
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில்.
அதில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும் என்பதுதான்
தெரியாது.